அத்தையின் சொந்தக் கருத்து

எங்கள் வீட்டில் கட்டுரை என்பது ஜெபமாலைக்கும் சோற்றுக்கும் நடுவில் வருவது. நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் அது. சாயங்காலம் திருஇருதயப் படத்துக்குக் கீழே சிவப்புப் பல்பைப் போட்டுவிட்டு அம்மா ஜெபமாலையை ஆரம்பிப்பாள். கடைசியாகச் சிலுவை அடையாளம் போட்ட கையோடு அப்பா தன் செல்போனை எடுத்து நேரத்தை ஓடவிடுவார். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத உட்காருவாள். நாற்பது நிமிஷத்துக்குள் இருநூற்றைம்பது வார்த்தையில் ஒரு ஆங்கிலக் கட்டுரை எழுதி முடிக்க வேண்டும். அதுவரை டிவி கிடையாது, மிக்ஸி கிடையாது, இருமல் வந்தால்கூடக் கொல்லைப்பக்கம் போய்த்தான் இருமவேண்டும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் எங்கள் ஊரான கம்பத்தில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். அப்பாவுக்கும் அவளுக்கும் வயசு வித்தியாசம் அதிகம். தாத்தா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளைப் படிக்கவைத்தது, காய்ச்சலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் அப்பாதான். அதனால் அவளுக்கு இருபத்தேழு வயசான பிறகும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். ஒரு வார்டு முழுக்க ஊசி போட்டுவிட்டு வருகிற பாப்பா. வீட்டுக்குள் கால் வைத்ததும் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவளாக மாறிவிடுவாள். எப்படித்தான் மாறினாளோ, எனக்கு அது அப்போது ஒரு விந்தையாகவே தெரியவில்லை.

அந்த அத்தைதான் வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலப் பரீட்சை எழுதப் போவதாகச் சொல்லி, தேனியிலேயே ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்துகொண்டாள். அப்பா மறுப்புச் சொல்லவில்லை. படிப்பு என்று யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷர் அவர். பரீட்சை என்றால் பாஸாவது. பாஸானால் விமானம் ஏறுவது என்பது வேறு சமாச்சாரம் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ.

ஆரம்பத்தில் அத்தை எழுதிய கட்டுரைகளை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். கட்டுரை என்றால் அவளுக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை. ஒவ்வொன்றுக்கும் உள்தலைப்பு, உள்தலைப்புக்கு அடியில் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் கோடு. தலைப்பு கைப்பேசியைப் பற்றியதாக இருக்கட்டும், கடல் மாசுபடுவதைப் பற்றியதாக இருக்கட்டும், முதல் வரியில் ஒரு பழமொழி, கடைசி வரியில் 'ஆகவே நாம் அனைவரும் ஒற்றுமையாக வாழ்வோமாக.' கோச்சிங் சார் எல்லாவற்றையும் சிவப்பு மையில் அடித்து அனுப்பினார். வெள்ளைக்காரன் பரீட்சையில் கோடும் கூடாது, உள்தலைப்பும் கூடாது, ஒற்றுமையும் கூடாது போலிருக்கிறது.

இலக்கணத்துக்கு நான்தான் பொறுப்பு. நான் கம்பத்தில் இங்கிலீஷ் மீடியம். பெயர்ச்சொல், வினைச்சொல், எங்கே 'ஏ' வரும், எங்கே 'ஆன்' வரும், எங்கே 'தி' வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்ற நினைப்பு வீட்டில் எல்லோருக்கும் இருந்தது, எனக்கு எல்லோரையும்விட அதிகமாக இருந்தது. அத்தை எழுதி முடித்ததும் நான் சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்திப் பத்துக்கு மார்க் போடுவேன். நான் எவ்வளவு அதட்டினாலும் அவள் 'சரிங்க மிஸ்' என்பாள்.

அப்பாதான் நீதிபதி. பொழுதுக்கும் திராட்சைத் தோட்டத்தில் கிடந்துவிட்டு, மருந்தடித்த மயில்துத்தம் நகக்கண்ணில் நீலமாக ஒட்டியிருக்க, கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்காருவார். அவருக்கு ஆங்கிலத்தில் தெரிந்ததெல்லாம் பூச்சிமருந்து டப்பாவில் இருக்கிற பெயர்கள்தான். ஆனாலும் அத்தை வாசிப்பதை முதலில் ஆங்கிலத்திலேயே முழுக்கக் கேட்பார். 'மோர்ஓவர்' வந்தால் தலை லேசாக ஆடும். 'ஹவ்எவர்' வந்தால் ஒரு கண் திறக்கும்.

"அந்த ஹவ்எவர் வந்தா கட்டுர அங்கன திரும்புதுன்னு அர்த்தம். என்ன பாப்பா?" என்று ஒருநாள் கேட்டார். அத்தை அசந்துபோனாள். இரண்டு பக்கத்தையும் சொல்லச்சொல்லும் கட்டுரையில் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் தொடங்குகிற இடம் அதுதான். எங்களுக்குச் சார் சொல்லித் தெரிந்ததை அப்பா காதாலேயே பிடித்துவிட்டார். அதிலிருந்து அந்த வார்த்தைக்காகக் காத்திருப்பது அவருக்கு ஒரு சுவாரசியமாகிவிட்டது.

வாசித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "அர்த்தம் சொல்லு ஆத்தா" என்பார். இதில்தான் என் பிழைப்பு நாறும். அத்தை கோச்சிங்கில் மனப்பாடம் பண்ணிய பெரிய பெரிய வார்த்தைகளை வரிக்கு ஒன்றாக இறக்கியிருப்பாள். எனக்கு எங்கே தெரியும்? "அதாவதுப்பா... செல்போன்ல நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்குங்கிறாக" என்று பூசி மெழுகுவேன். தலைப்பு எதுவானாலும் என் அர்த்தம் இதுதான். அப்பாவும் "சரியாத்தான சொல்லிருக்கா" என்று திருப்தியாக எழுந்து சாப்பிடப் போவார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 'சொந்தக் கருத்து' என்று ஒன்று வந்து குறுக்கே நிற்கிறவரை. எந்தத் தலைப்பாக இருந்தாலும் அடியில் ஒரு வரி உண்டு: இரண்டு பக்கமும் எழுதிவிட்டு உன் சொந்தக் கருத்தைச் சொல். அத்தைக்கு அதுதான் வரவில்லை. முதியவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பது நல்லதா, இல்லத்தில் சேர்ப்பது நல்லதா என்று ஒரு தலைப்பு. அத்தை பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அண்ணே, நீங்க என்ன நெனைக்கிறீக?" என்று கேட்டாள். அப்பா சொன்னார். அடுப்படியிலிருந்து அம்மா, "பாக்குறது பூராம் பொம்பளயாளுக, கருத்துச் சொல்றது மட்டும் ஆம்பளயாளுகளா?" என்று கரண்டியோடு வந்து வேறொன்று சொன்னாள். அத்தை இரண்டையும் எழுதி, முடிவில் என் அண்ணன் சொல்வதே சரி என்பது என் கருத்து என்று முடித்திருந்தாள்.

அந்தத் தாள் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது. பக்கத்தில் சார் தமிழிலேயே எழுதியிருந்தார்: 'உங்கள் அண்ணன் பரீட்சை எழுதவில்லை. நீங்கள்தான் எழுதுகிறீர்கள்.'

அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "நாஞ் சொன்னதுல என்ன தப்பக் கண்டாராம் அந்த சாரு?" என்றார். அத்தை அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எனக்கோ அதிலிருந்து ஒரே குடைச்சல். சொந்தக் கருத்து என்பது எங்கிருந்து வரும்? பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் மிஸ்ஸிடம் கேட்டேன். "கருத்துன்னா முடிவுரைக்கு முன்னாடி ரெண்டு வரி. கைடுல இருக்கும் பாரு" என்றார். கைடில் இருந்தது. எங்கள் வகுப்பில் 'என் வாழ்க்கை லட்சியம்' என்ற கட்டுரையில் அத்தனை பேரும் டாக்டர். கைடில் டாக்டர்தான் இருந்தார். என் பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு, கேரளா எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் அவன் அப்பாவின் ஜீப்பை ஓட்டவேண்டும் என்பதுதான் ஆசை. அதை எழுத வேண்டியதுதானே என்றேன். "ஜீப்புக்கு யாரு மனப்பாடம் பண்றது?" என்று திருப்பிக் கேட்டான். அது நியாயமாகத்தான் பட்டது.

வீட்டுக்கு வந்து அத்தையிடமே கேட்டேன். "அத்த, ஒனக்கு நெசமாவே கருத்து வராதா, இல்ல இங்கிலீஷ்ல வராதா?" அவள் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பழனிசெட்டிபட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு டூவீலர் உதிரிபாகக் கடை. கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை, கோயில் காரியத்துக்கு முன்னால் நிற்கிறவர் என்று பங்குச்சாமியாரே சொல்லியிருந்தார். பேச்சு முடிவாகும்வரை கை நனைக்கக் கூடாது என்பதால் காபியோடு நிறுத்திக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா அத்தையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "காப்பி நீ போட்டதா ஆத்தா?" மற்றதெல்லாம் அப்பாவிடம். நைட் டூட்டியெல்லாம் குடும்பத்துக்குச் சரிப்படாது, கல்யாணத்துக்கு அப்புறம் வேலை வேண்டாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து கை நனைத்து உறுதி பண்ணிக்கொள்ளலாம், அதற்கடுத்த வாரமே கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிடலாம்.

அவர்கள் போனதும் அப்பா முகமெல்லாம் சிரிப்பாக, "தங்கமான சனம். ஒனக்குச் சம்மதந்தான பாப்பா?" என்றார்.

"நீங்க பாத்துச் சொன்னாச் சரிண்ணே" என்றாள் அத்தை. காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் பக்கம் பெண்கள் சொல்கிற பதில் அது. நானும் பெரியவளானால் அதைத்தான் சொல்லவேண்டும்போல என்று மனசில் குறித்துக்கொண்டேன். நாலு வார்த்தைதான், மனப்பாடம் பண்ணுவதற்குச் சுலபமாகவும் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அத்தைக்கு என்மேல் அப்படியொரு பாசம். தலை வாரிவிடுகிறபோது, பஸ்ஸுக்கு நிற்கிறபோதெல்லாம் வார்த்தைகளைப் பற்றியே பேச்சு.

"'பெர்மிஷன்'னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். ஒன்னுக்குப் போகக் கேக்குறது."

"'கன்சென்ட்'?"

"தெரியாது."

"'ஆஸ்க்'?"

"ஐயே, அது எல்கேஜி பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"சரி, அது போதும்" என்று ரிப்பனை இறுக்கிக் கட்டினாள். என்னைச் சோதிக்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் கோபம். திருத்துகிற மிஸ்ஸை மாணவி சோதிக்கலாமா?

மாப்பிள்ளை வீட்டார் வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை அது. ஜெபமாலை முடிந்தது. அப்பா நேரத்தை ஓடவிட்டார். சிலர் பிறந்த ஊரிலேயே வாழ்வது நல்லது என்கிறார்கள், சிலர் வேறு நாடு போவது நல்லது என்கிறார்கள் என்பது அன்றைய தலைப்பு. அத்தை வழக்கம்போல மேலே பார்க்கவில்லை, பேனாவைக் கன்னத்தில் வைக்கவில்லை, யாரையும் எதுவும் கேட்கவில்லை. விறுவிறுவென்று எழுதிப் பாதி நேரத்துக்குள் பேனாவை மூடிவிட்டாள்.

"அதுக்குள்ளயா?" என்றார் அப்பா.

"முடிஞ்சுதுண்ணே. இன்னைக்கு இவளே வாசிக்கட்டும். எனக்குத் தொண்ட சரியில்ல" என்று தாளை என்னிடம் நீட்டினாள். தாளின் ஓரம் அவள் விரல்பட்டு ஈரமாக இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். எழுந்து நின்று, பள்ளிக்கூடத்து பிரேயரில் வாசிக்கிற குரலில் ஆங்கிலத்தில் வாசித்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாசித்து முடித்த பிறகும் கண்ணைத் திறக்காமல் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

"ஹவ்எவர் வரலையே பாப்பா?"

"இதுல வராதுண்ணே."

"நீ விட்டுட்டியா ஆத்தா?" என்று என்னைக் கேட்டார். நான் எதையும் விடவில்லை என்று தாளைத் தூக்கிக் காட்டினேன். சரி, அர்த்தம் சொல்லு என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது. தாளில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாத வார்த்தை இல்லை. பூசி மெழுக வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து, அழுத்தம் திருத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"நான் ஒரு நர்ஸ். எனக்கு என் வேலை பிடிக்கும். என் அண்ணன் நல்லவர். அவர் எனக்கு அப்பா மாதிரி. அவர் எனக்கு ஒரு கல்யாணம் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளையும் நல்லவர். அந்த வீட்டில் நான் வேலைக்குப் போகக் கூடாது. அண்ணன் என்னிடம் சம்மதமா என்று கேட்டார். பதிலும் அவர் கையிலேயே இருந்தது. நான் அதை வாங்கிச் சொன்னேன். அது என் பதில் இல்லை. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். நான் பரீட்சை எழுதி வேறு நாட்டுக்குப் போக ஆசைப்படுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பயமாக இருந்தாலும் போக ஆசைப்படுகிறேன். நான் திரும்பி வருவேன். இது என் சொந்தக் கருத்து."

சொல்லி முடித்துவிட்டுப் பாராட்டுக்காக அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மா அடுப்படி வாசலில் கையில் தட்டோடு நின்றவள் நின்றபடி இருந்தாள். அத்தை தலையைக் குனிந்து பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான் எங்கேயோ தப்பாக மொழிபெயர்த்துவிட்டேன் போலிருக்கிறது என்று மறுபடி தாளைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கை கழுவுகிற சத்தம் கேட்டது. ஏற்கெனவே கழுவிய கை. நகத்து நீலம் சோப்புக்குப் போகாது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் கழுவிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து ஈரக்கையோடு உட்கார்ந்து, "இன்னொருக்கா சொல்லு ஆத்தா" என்றார். நான் இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை.

"என்கிட்டத் தமிழ்லயே சொல்லிருக்கலாம்ல பாப்பா?" என்று கேட்டார். அப்பா அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, ஆனால் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

"தமிழ்ல ஆரம்பிச்சா 'நீங்க சொன்னாச் சரி'ன்னுதான்ணே வாயில வருது" என்றாள் அத்தை.

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மதினி" என்று அத்தை அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அப்பா அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கி, தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஹவ்எவர் கெடையாதா?"

"கெடையாதுண்ணே."

அவர் சட்டைப்பையில் நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுத்து என் கையில் கொடுத்து, நிறுத்து ஆத்தா என்றார். நான் நிறுத்தினேன்.

சனிக்கிழமை காலையில் அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகாமல், பழனிசெட்டிபட்டிக்குப் பஸ் ஏறினார். போனில் சொல்லிவிடுங்கள் என்று அம்மா சொன்னதற்கு, "நேர்ல வந்து கேட்டாக, நேர்லதான் சொல்லணும்" என்றார். அங்கே என்ன பேச்சு வாங்கினாரோ, அவர் சொல்லவே இல்லை. திரும்பி வந்து சோறுகூடத் தின்னாமல் நேராகத் தோட்டத்துக்குப் போய்விட்டார். உறவுக்காரர்கள் கொஞ்ச நாள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தை பரீட்சையில் முதல் தடவை கட்டுரையில்தான் தவறினாள். இரண்டாவது தடவை பாஸானாள். இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள். டிசம்பரில் வருகிறபோதெல்லாம் அப்பா மதுரை ஏர்போர்ட்டில் மூன்று மணி நேரம் முன்னாலேயே போய் நின்றுகொள்கிறார். இன்னமும் 'பாப்பா'தான்.

அந்த வியாழக்கிழமை எல்லோரும் ஏன் அப்படி ஆனார்கள் என்று எனக்குப் பாதிதான் புரிந்தது. புரியாத மீதியைப் பற்றி நான் கவலைப்படவுமில்லை. என் கவலையெல்லாம் அத்தையின் ஆங்கிலம் இப்படி இறங்கிவிட்டதே என்பதுதான். மாசக்கணக்கில் மனப்பாடம் பண்ணிய பெரிய வார்த்தை ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. ஒரு வாரமாக என் தலையை வாரிக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு, எனக்குத் தெரியாததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எனக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து அவள் கட்டிய கட்டுரை அது என்பதை, ஏழாம் வகுப்புப் பிள்ளையின் வாயில் ஏற்றினால் ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல் அண்ணன் காதில் போய் இறங்கவேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதியது என்பதை, எனக்கு யார் சொல்வது? எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தாளை எடுத்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவைத் திறந்தேன். 'ஏ', 'ஆன்', 'தி' எல்லாம் சரியாக இருந்தது. ரொம்ப யோசித்துப் பத்துக்கு ஆறு போட்டேன். அடியில், இன்னும் கடினமான வார்த்தைகளைச் சேர்த்து எழுதவும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.